டிராக்டர் ஜெனரேட்டர்: 10 முதல் 30 கே.வி.ஏ. வரை, எது யாருக்குப் பொருந்தும்?

டிராக்டரின் பி.டி.ஓ.வில் (பின்பக்கம் சுற்றும் தண்டில்) மாட்டி ஓட்டும் ஜெனரேட்டர் வாங்கக் கடைக்குப் போனால், பெரும்பாலும் முதல் கேள்வி "வண்டி எத்தனை ஹெச்.பி.?" என்பதுதான். 45 என்றால் 25 கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் மின்திறன் அளவு), 35 என்றால் 15 கே.வி.ஏ. என்று பில் போட்டுவிடுவார்கள். இந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. எந்த மோட்டார் ஓட வேண்டும், அதன் தகட்டில் எத்தனை ஆம்ப், எந்த ஸ்டார்ட்டர் என்பதுதான் முதல் கேள்வி. அது தெரியாமல் வாங்கிய ஜெனரேட்டர், விளக்கையும் மின்விசிறியையும் நன்றாகவே ஓட்டும். போர்வெல் ஸ்டார்ட்டரை அழுத்தியதும் கடகடவென்று காண்டாக்டர் (ஸ்டார்ட்டருக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் ஸ்விட்ச்) அடித்து நின்றுவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. ஊர்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்பவே ஜெனரேட்டர் தேட வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் ஏற்கெனவே 40 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் நிற்கும்போது இன்னொரு இன்ஜினுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்ற யோசனை சரியானதுதான். நல்ல பொருள், தேவையான பொருள். ஆனால் அளவைச் சரியாகப் பிடித்தால்தான்.

பொருள் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நான்கு காந்தத் துருவம் (போல்) உள்ள, கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் ஒன்று, அதைச் சுற்ற ஒரு கியர்பாக்ஸ் அல்லது பெல்ட், மீட்டரும் பிரேக்கரும் உள்ள ஒரு பேனல், எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டம். நான்கு போல் ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர நிமிடத்துக்கு 1500 சுற்று வேண்டும். பி.டி.ஓ. தருவது 540. ஆகவே 2.78 மடங்கு வேகத்தை ஏற்றியாக வேண்டும். சந்தையில் இரண்டு போல் ஆல்டர்னேட்டரும் கிடைக்கிறது. அதற்கு 3000 சுற்று, அதாவது ஐந்தரை மடங்குக்கு மேல் ஏற்றம். எடை குறைவு, விலை குறைவு. சத்தம் அதிகம், பேரிங் சீக்கிரம் போகும். எப்போதாவது ஒரு மணி நேரம் விளக்கு எரிக்கப் போதும். போர்வெல் ஓட்டுவதற்கு அதை வாங்க வேண்டாம்.

மோட்டாரிலிருந்து தொடங்குங்கள்

போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டார், அதே ஹெச்.பி. உள்ள தரைமட்ட மோட்டாரைவிட அதிக ஆம்ப் இழுக்கும். ஒல்லியான உடம்புக்குள் தண்ணீரில் மூழ்கி ஓடும் மோட்டார் என்பதால் அதன் செயல்திறன் குறைவு. 7.5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் 14 ஆம்ப் அளவிலும், 10 ஹெச்.பி. 19 ஆம்ப் அளவிலும் ஓடும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் தகட்டில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரீவைண்டிங் செய்த மோட்டார் என்றால் தகட்டையும் நம்ப வேண்டாம். இ.பி. கரண்டில் ஓடும்போது கிளாம்ப் மீட்டர் வைத்து மூன்று ஒயரிலும் அளந்துகொள்ளுங்கள்.

ஆம்பை கே.வி.ஏ. ஆக்க எளிய வழி: 415 வோல்ட் மும்முனையில் ஓர் ஆம்புக்கு ஏறத்தாழ 0.72 கே.வி.ஏ. ஆக 14 ஆம்ப் மோட்டார் ஓடும்போது 10 கே.வி.ஏ. கேட்கும். இதைப் பார்த்துவிட்டு 10 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த ஒன்றிரண்டு நொடியில், நேரடி ஸ்டார்ட்டரில் (முழு வோல்டேஜையும் ஒரேயடியாகக் கொடுப்பது), ஓடும் ஆம்பைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். 14 ஆம்ப் மோட்டார் 70 முதல் 84 ஆம்ப் வரை போகும். 20 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டரின் முழுத் திறனே 27.8 ஆம்ப்தான். அதைப் போல மூன்று மடங்கு வரை நொடிப்பொழுது தாங்கிக்கொள்ளும்; வோல்டேஜ் கால்வாசிக்கு மேல் இறங்கும், பிறகு ஏறிக்கொள்ளும். அதே மோட்டாரை 15 கே.வி.ஏ.வில் போட்டால் கேட்பது நான்கு மடங்கு. வோல்டேஜ் இன்னும் கீழே போய், ஸ்டார்ட்டரின் நோவோல்ட் காயில் (காண்டாக்டரைப் பிடித்துவைக்கும் காந்தச் சுருள்) பிடியை விட்டுவிடும். விட்டதும் லோடு போய் வோல்டேஜ் ஏறும், காயில் மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். கடகட சத்தம் இதுதான். நான்கைந்து முறை இப்படி அடித்தால் காண்டாக்டர் முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை ஒரு முனை சரியாகத் தொடாமல் போய், மோட்டார் இரண்டு ஃபேஸில் மட்டும் ஓடி எரியும். ஜெனரேட்டரில் மிச்சம் பிடித்த காசு போர்வெல் மோட்டாரைத் தூக்கும் கூலியில் போய்விடும்.

ஆகவே சப்மெர்சிபிள் மோட்டார் நேரடி ஸ்டார்ட்டரில் இருந்தால், மோட்டார் ஹெச்.பி.யை இரண்டரை முதல் மூன்றால் பெருக்குங்கள். வருவதுதான் கே.வி.ஏ. 5 ஹெச்.பி.க்கு 15, 7.5 ஹெச்.பி.க்கு 20, 10 ஹெச்.பி.க்கு 25 முதல் 30. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (ஸ்டார் இணைப்பில் குறைந்த வோல்டேஜில் கிளப்பி, டைமர் வைத்து டெல்டா இணைப்பில் முழு வோல்டேஜுக்கு மாற்றுவது) இருந்தால் கிளம்பும் ஆம்ப் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அப்போது இரண்டால் பெருக்கினால் போதும்: 7.5க்கு 15, 10க்கு 20, 15க்கு 30. கடைகளில் பொதுவாகச் சொல்லும் "ஹெச்.பி.க்கு ரெண்டு மடங்கு" என்ற கணக்கு ஸ்டார்-டெல்டாவுக்குத்தான் சரியாக வரும். நேரடி ஸ்டார்ட்டர் வைத்திருப்பவருக்கு அதையே சொல்லி விற்பது தவறு.

இங்கே ஒரு நல்ல சேமிப்பு இருக்கிறது. 10 ஹெச்.பி. மோட்டாரை நேரடி ஸ்டார்ட்டரிலிருந்து ஸ்டார்-டெல்டாவுக்கு மாற்றினால், 30 கே.வி.ஏ. தேவை 20 ஆகக் குறைகிறது. பேனல் மாற்றும் செலவு ஜெனரேட்டர் விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் மோட்டாரிலிருந்து ஆறு ஒயர் மேலே வந்திருக்க வேண்டும். மூன்று ஒயர் மட்டும் வந்திருந்தால் ஸ்டார்-டெல்டா போட முடியாது, மோட்டாரை மேலே எடுக்கும்போதுதான் யோசிக்கலாம். டைமரையும் பாருங்கள். ஜெனரேட்டரில் மோட்டார் வேகம் பிடிக்க இ.பி. கரண்டைவிட ஒரு நொடி கூடுதலாக எடுக்கும். மோட்டார் வேகம் பிடிக்கும் முன்பே டெல்டாவுக்குத் தாவினால் நேரடி ஸ்டார்ட்டர் மாதிரியே ஆம்ப் எகிறும், ஸ்டார்-டெல்டா போட்ட பலனே இல்லாமல் போகும். டெல்டாவுக்கு மாறும் நொடியில் இன்ஜின் முக்கினால் டைமரை ஒன்றிரண்டு நொடி கூட்டிப் பாருங்கள்.

டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி) வைத்து ஓட்டும் மோட்டாருக்குக் கிளம்பும் ஆம்ப் தொல்லையே இல்லை, மெதுவாக ஏறும். ஆனால் டிரைவ் இழுக்கும் கரண்ட் சீரான அலையாக இருக்காது; ஆல்டர்னேட்டர் சுருளைச் சூடாக்கும். அதற்கும் ஓடும் கே.வி.ஏ.வைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வாங்குங்கள்.

பிறகு டிராக்டர்

தகட்டில் உள்ள ஹெச்.பி. இன்ஜினுடையது. பி.டி.ஓ.வில் கிடைப்பது அதில் ஏறத்தாழ 85 சதவீதம். 45 ஹெச்.பி. வகை வண்டியில் 38 முதல் 40, 35 ஹெச்.பி. வண்டியில் 30 அளவு. கம்பெனி கையேட்டில் பி.டி.ஓ. ஹெச்.பி. என்று தனியாகவே போட்டிருப்பார்கள். கணக்கு அதில்தான் போட வேண்டும்.

ஒரு கிலோவாட் என்பது 1.34 ஹெச்.பி. இந்த அளவு ஆல்டர்னேட்டர்களின் செயல்திறன் 85 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், கியர்பாக்ஸ் அல்லது பெல்ட்டில் இன்னும் நான்கைந்து சதவீதம் போகும். எல்லாம் சேர்த்து ஒரு கிலோவாட் கரண்டுக்கு 1.6 பி.டி.ஓ. ஹெச்.பி. தேவை. டிராக்டர் மூச்சுத் திணறாமல் மணிக்கணக்கில் ஓட, 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 பி.டி.ஓ. ஹெச்.பி. வண்டி 19 கிலோவாட் தரும். 0.8 பவர் ஃபேக்டரில் (கே.வி.ஏ.வில் கிலோவாட்டாக வேலை செய்யும் பங்கு) அது 24 கே.வி.ஏ. 30 பி.டி.ஓ. ஹெச்.பி. வண்டி 15 கிலோவாட், அதாவது 19 கே.வி.ஏ.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். 35 ஹெச்.பி. வண்டிக்கு 19 கே.வி.ஏ.தான் என்றால், 20 அல்லது 25 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டர் மாட்டக் கூடாதா? மாட்டலாம். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் ஆம்பில் பெரும்பகுதி இன்ஜினுக்குச் சுமையாக வருவதில்லை, ஏனென்றால் அந்த நொடியில் பவர் ஃபேக்டர் மிகக் குறைவாக இருக்கும். ஆம்பைத் தாங்க வேண்டியது ஆல்டர்னேட்டரின் செம்பும் இரும்பும். ஓடும்போது வரும் கிலோவாட்டைத் தாங்க வேண்டியதுதான் இன்ஜின். 7.5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் ஓடும்போது 8 கிலோவாட்தான். 35 ஹெச்.பி. வண்டிக்கு அது பாதிச் சுமை. ஆகவே 35 ஹெச்.பி. வண்டியில் 20 கே.வி.ஏ. மாட்டி 7.5 ஹெச்.பி. மோட்டாரை நேரடி ஸ்டார்ட்டரில் ஓட்டுவது முழுக்கச் சரி. ஜெனரேட்டர் 20 கே.வி.ஏ. ஆயிற்றே என்று 16 கிலோவாட்டையும் ஏற்றினால்தான் வண்டி முக்கும்.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிட மோசம். 55 ஹெச்.பி. வண்டியில் 10 கே.வி.ஏ. மாட்டினால் இன்ஜின் எதையும் காட்டிக்கொடுக்காது. 15 கே.வி.ஏ. ஏற்றினாலும் சத்தம் மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே சுருள் வெந்துகொண்டிருக்கும். சிறிய வண்டி புகை கக்கித் தன் கஷ்டத்தைச் சொல்லிவிடும், சிறிய ஆல்டர்னேட்டர் எரிந்த வாடை வரும் வரை சொல்லாது. அதனால் பெரிய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குச் சரியான அளவு பிரேக்கர் கட்டாயம். 10 கே.வி.ஏ.வுக்கு 13.9 ஆம்ப், 15க்கு 20.9, 20க்கு 27.8, 25க்கு 34.8, 30க்கு 41.7. பேனலில் இருக்கும் பிரேக்கர் இந்த எண்ணை ஒட்டியதா என்று பாருங்கள். 20 கே.வி.ஏ. பேனலில் 63 ஆம்ப் பிரேக்கர் இருந்தால் அது வெறும் ஸ்விட்ச்தான், பாதுகாப்பு இல்லை.

இதே எண்கள் கடையில் இன்னொன்றுக்கும் உதவும். தகட்டில் கொட்டை எழுத்தில் 20 கே.வி.ஏ. என்று போட்டுவிட்டு, கீழே 415 வோல்ட், 21 ஆம்ப் என்றிருந்தால் அது 15 கே.வி.ஏ. பொருள். கே.வி.ஏ., வோல்ட், ஆம்ப், 0.8 பவர் ஃபேக்டர், 1500 சுற்று, 50 ஹெர்ட்ஸ், இன்சுலேஷன் வகுப்பு என்று எல்லாம் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13364. 20 கே.வி.ஏ. வரை முதல் பகுதி, அதற்கு மேல் இரண்டாம் பகுதி. தகடே இல்லாத, அல்லது ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய பொருளை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

கியர்பாக்ஸா, பெல்ட்டா

பட்டறையில் கட்டித்தரும் பெல்ட் வகைதான் விலை குறைவு. பி.டி.ஓ. பக்கம் 18 அங்குலப் புல்லி, ஆல்டர்னேட்டரில் ஆறரை அங்குலப் புல்லி என்றால் 2.77 வருகிறது, கணக்கு சரியே. நன்மையும் உண்டு: மோட்டார் திடீரென்று சிக்கினால் பெல்ட் வழுக்கி, ஷாஃப்டைக் காப்பாற்றும். எந்த ஊரிலும் பெல்ட் கிடைக்கும். குறை என்னவென்றால், முழு லோடில் இரண்டு மூன்று சதவீதம் வழுக்கும், ஹெர்ட்ஸ் அந்த அளவு இறங்கும். பெல்ட்டுகளை ஒரே சமயத்தில் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். மூன்றில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் அந்த ஒன்றே முழுச் சுமையையும் இழுத்து அறும். பெல்ட்டை இறுக்கோ இறுக்கென்று இறுக்கினால் ஆல்டர்னேட்டரின் முன்பக்க பேரிங் போகும். 15 கே.வி.ஏ. வரை, வருடத்தில் சில நாள் மட்டும் ஓட்டுபவர்களுக்குப் பெல்ட் வகை தாராளமாகப் போதும். மூடு தகடு போட்டுத் தரச் சொல்லுங்கள். திறந்த பெல்ட்டில் வேட்டி நுனியும் துண்டும் மாட்டும்.

20 கே.வி.ஏ.வுக்கு மேல், அல்லது அடிக்கடி ஓடுமென்றால் கியர்பாக்ஸ் வகைக்கே போங்கள். மூன்று புள்ளி இணைப்பில் மாட்டி அப்படியே தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போகலாம். எண்ணெய் பெரும்பாலும் 90 கிரேடு கியர் ஆயில். முதல் 50 மணி நேரத்தில் ஒருமுறை மாற்றிவிடுங்கள், புதுக் கியரின் இரும்புத்தூள் அதில் வந்துவிடும். எண்ணெய் அளவைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினால் நல்லது என்று நினைப்பது தவறு. வேகம் ஏற்றும் கியர்பாக்ஸில் எண்ணெய் கூடினால் கடைந்து சூடேறி, சீல் வழியாக ஆல்டர்னேட்டருக்குள் போகும்.

ஷாஃப்ட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரோட்டவேட்டருக்கு வைத்திருக்கும் ஷாஃப்டையே இதற்கும் மாட்டலாம், ஆறு பல் 35 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் ரோட்டவேட்டர் மண்ணைக் கிளறும்போது வேகம் லேசாக ஏறி இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டரில் தெரியும். ஷாஃப்ட் கோணத்தில் நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 540 என்பது நொடிக்கு 9 சுற்று, ஆக நொடிக்கு 18 முறை விளக்கு துடிக்கும். எல்லோரும் ஆல்டர்னேட்டர் கோளாறு என்று ஏ.வி.ஆரை (வோல்டேஜைச் சீராக வைக்கும் அட்டை) மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஷாஃப்டின் இரண்டு முனை யோக்குகளும் (கவட்டை போன்ற இணைப்புகள்) ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கழற்றிப் பூட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலே துடிப்பு வந்துவிடும். டிராக்டர் பக்கக் கோணமும் ஜெனரேட்டர் பக்கக் கோணமும் சமமாக, இரண்டும் முடிந்த அளவு சிறிதாக இருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் குறைந்தது 15 சென்டிமீட்டர் சேர்ந்திருக்கட்டும். பிளாஸ்டிக் உறை இல்லாத ஷாஃப்டைச் சுற்ற விடாதீர்கள். மழை நேரத்தில், இருட்டில், பதற்றத்தில் ஓட்டும் இயந்திரம் இது.

ஹெர்ட்ஸ் மீட்டர் இல்லாத பேனல் வேண்டாம்

வோல்ட் மீட்டர் மட்டும் வைத்த பேனல்கள் நிறைய வருகின்றன. ஏ.வி.ஆர். உள்ள ஆல்டர்னேட்டரில், வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வோல்ட் மீட்டர் 415 என்றே காட்டும். வேகம் தப்பியது ஹெர்ட்ஸ் மீட்டரில்தான் தெரியும். லோடு இல்லாமல் 52 ஹெர்ட்ஸ், அதாவது பி.டி.ஓ. 560 அளவில் வைத்தால், லோடு ஏறியதும் 50க்கு வந்து நிற்கும். 500க்கு இறங்கினால் 46 ஹெர்ட்ஸ்தான்.

இதில் தண்ணீர்க் கணக்கு இருக்கிறது. பம்ப் தூக்கும் உயரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 47 ஹெர்ட்ஸில் ஓட்டினால் தூக்கும் உயரம் 12 சதவீதம் குறையும். ஆழ்துளைக் கிணற்றில் 100 மீட்டர் தூக்கும் பம்ப் 88 மீட்டரில் நின்றுவிடும். மோட்டார் ஓடுகிறது, ஆம்ப் காட்டுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்ற புகாரில் பாதி இதுதான். மீதிப் பாதி முனை வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுவது, இரண்டு ஒயரை இடம் மாற்றினால் சரியாகும். மறுபக்கம், வேகத்தைக் கூட்டினால் பம்ப் கேட்கும் திறன் மும்மடியில் ஏறும். லோடோடு 52 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 12 சதவீதம் கூடுதல் சுமை மோட்டார் மேல் விழும்.

டேஷ்போர்டில் பி.டி.ஓ. 540 குறி எந்த இன்ஜின் வேகத்தில் இருக்கிறது என்று பார்த்து, கை ஆக்சிலேட்டரை அங்கே நிறுத்துங்கள். கால் ஆக்சிலேட்டரில் கல் வைத்து ஓட்டுவது வேண்டாம். சிக்கன பி.டி.ஓ. உள்ள வண்டிகளில் குறைந்த இன்ஜின் வேகத்திலேயே 540 கிடைக்கும். வீட்டு விளக்கு மாதிரிச் சின்ன லோடுக்கு அது நல்லது, டீசல் மிச்சம். மோட்டார் கிளப்பும்போது அந்த வேகத்தில் இன்ஜினிடம் போதிய வலு இருக்காது, சாதாரண நிலையில் ஓட்டுங்கள்.

ஆல்டர்னேட்டர் தலை எந்தக் கம்பெனி என்பதைவிட உதிரி கிடைக்குமா என்பது முக்கியம். கிர்லோஸ்கர், ஸ்டாம்ஃபோர்ட், லெராய் சோமர், மெக் ஆல்ட்டே போன்ற பெயர்களுக்கு ரீவைண்டிங் பட்டறைகளில் பழக்கம் இருக்கிறது. ஸ்டாம்ஃபோர்ட் வகையில் வரும் எஸ்.எக்ஸ்.460 ஏ.வி.ஆருக்கு மாற்று அட்டைகள் பரவலாகக் கிடைக்கின்றன. இந்த ஏ.வி.ஆர்.களில் வேகம் குறைந்தால் வோல்டேஜைத் தானே இறக்கும் பாதுகாப்பு உண்டு. லோடு ஏறியதும் வோல்டேஜ் இறங்கினால், உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஏ.வி.ஆரைத் திருகாதீர்கள். முதலில் ஹெர்ட்ஸைப் பாருங்கள், வேகம்தான் விழுந்திருக்கும். ஏ.வி.ஆர். இல்லாத மலிவு வகையில் யாராவது ஆக்சிலேட்டரைத் தட்டிவிட்டால் வோல்டேஜும் சேர்ந்து எகிறி, வீட்டு டி.வி.யும் ஃப்ரிட்ஜும் போகும். வீட்டு லோடும் கொடுப்பதென்றால் பிரஷ் இல்லாத, ஏ.வி.ஆர். உள்ள வகையே வாங்குங்கள்.

எது யாருக்கு

10 கே.வி.ஏ.: 3 ஹெச்.பி. மோட்டார், தீவனம் வெட்டும் இயந்திரம், பால் கறவை இயந்திரம், வீட்டு லோடு உள்ளவர்களுக்கு. 5 ஹெச்.பி. போர்வெல் இருந்தால் இதைத் தொடாதீர்கள். வீட்டு விளக்கும் மின்விசிறியும் மட்டுமே தேவை என்றால் டிராக்டர் ஜெனரேட்டரே வேண்டாம். இரண்டு கிலோவாட்டுக்காக 45 ஹெச்.பி. இன்ஜினை இரவெல்லாம் 540ல் சுற்றுவது டீசலுக்கும் இன்ஜினுக்கும் கேடு. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ போதும்.

15 கே.வி.ஏ.: 5 ஹெச்.பி. நேரடி ஸ்டார்ட்டர், அல்லது 7.5 ஹெச்.பி. ஸ்டார்-டெல்டா. 30 முதல் 40 ஹெச்.பி. வண்டிகளுக்கு இயல்பான ஜோடி.

20 கே.வி.ஏ.தான் நம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் சரியான அளவு என்பது எங்கள் கணிப்பு. 7.5 ஹெச்.பி. எந்த ஸ்டார்ட்டரிலும் ஓடும், 10 ஹெச்.பி. ஸ்டார்-டெல்டாவில் ஓடும், கூடவே வீட்டுக்கும் கொடுக்கலாம். 35 ஹெச்.பி. வண்டியிலும் ஓட்டலாம், 45ல் தாராளம்.

25 மற்றும் 30 கே.வி.ஏ. இரண்டும் 10 ஹெச்.பி. நேரடி ஸ்டார்ட்டர், 15 ஹெச்.பி. ஸ்டார்-டெல்டா, அல்லது கோழிப்பண்ணை லோடு உள்ளவர்களுக்கு. நாமக்கல், பல்லடம் பக்கம் மூடிய கொட்டகைகளில் ஒன்றரை ஹெச்.பி. மின்விசிறிகள் பத்து ஓடுகின்றன என்று வையுங்கள். ஓடும்போது மொத்தம் 14 கிலோவாட், ஏறத்தாழ 17.5 கே.வி.ஏ. ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் 25 கே.வி.ஏ.வும் 45 ஹெச்.பி. வண்டியும் சிரமமில்லாமல் தாங்கும். பத்தையும் ஒரே ஸ்விட்ச்சில் போட்டால் 30 கே.வி.ஏ.வும் படுத்துவிடும். ஆனால் மூடிய கொட்டகைக்கு இதை மட்டும் நம்பவே கூடாது. காற்று நின்றால் கோழிகள் சாக அரை மணி நேரம் போதும். வண்டி உழவுக்குப் போயிருந்தால் என்ன செய்வது? தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர் முதலில், டிராக்டர் அதற்கு மாற்றாக இரண்டாவதாக.

மும்முனை ஜெனரேட்டரில் வீட்டு லோடை ஒரே முனையில் குவிக்காதீர்கள். 20 கே.வி.ஏ. என்றால் ஒரு முனைக்கு 27.8 ஆம்ப், அதாவது 6.6 கே.வி.ஏ.தான். நியூட்ரல் ஒயரை இறுக்கமாகப் பூட்டுங்கள். அது கழன்றால் ஒரு முனையில் வோல்டேஜ் 300ஐத் தாண்டும், அந்த முனையில் உள்ளதெல்லாம் எரியும்.

கேபிளை நீளமாக இழுப்பதைவிட வண்டியை மோட்டார் பக்கம் கொண்டுபோவது மேல். 20 ஆம்ப் லோடை 200 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அனுப்பினால் 35 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிளம்பும்போது இழப்பு இன்னும் பல மடங்கு. 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் 15 வோல்ட்டுக்குள் அடங்கும்.

சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (இ.பி. கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது) இல்லாமல் எந்த அளவு ஜெனரேட்டரையும் வாங்கிப் பயனில்லை. நான்கு முனையும் பிரிக்கும் வகை, நடுவில் ஆஃப் நிலை உள்ளது. மெயினை இறக்கிவிட்டு பிளக் வழியாகக் கரண்ட் ஏற்றுவது என்பது கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொல்லும் வேலை. உங்கள் 415 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகப் போகும். புயலுக்குப் பிறகு ஊருக்கே கரண்ட் கொண்டுவர வந்தவர்கள் அந்தக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஜெனரேட்டர் சட்டத்துக்கும் நியூட்ரலுக்கும் எர்த் தனித்தனியே போடுங்கள். டிராக்டர் டயரில் நிற்கிறது, அது எர்த் ஆகாது.

ஓட்டும் வரிசை இதுதான்: மெயின் ஆஃபில் வைத்து, ஐடிலில் பி.டி.ஓ.வைப் போட்டு, மெதுவாக 52 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி, மூன்று முனையிலும் வோல்டேஜ் பார்த்து, பெரிய மோட்டாரை முதலில் கிளப்பி, பிறகு சின்ன லோடுகள். நிறுத்தும்போது லோடை முதலில் எடுக்க வேண்டும். நின்ற இடத்தில் ஓடும் டிராக்டருக்கு ரேடியேட்டர் வலையில் வைக்கோல் தூசி அடைந்தால் சீக்கிரம் சூடேறும், அடிக்கடி பாருங்கள்.

டீசல் 10 கிலோவாட் லோடுக்கு மணிக்கு மூன்றரை முதல் நான்கரை லிட்டர் ஆகும். யூனிட்டுக்கு 30 முதல் 40 ரூபாய் விழுகிறது. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் உள்ள மாநிலத்தில் இது தினசரி ஓட்டுவதற்கான பொருள் அல்ல. கருகும் பயிருக்கும், குடிதண்ணீருக்கும், பால் கெடாமலிருக்கவும்தான்.

மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த ஜெனரேட்டரை எடுத்தவுடன் லோடு ஏற்ற வேண்டாம். 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் சுருளில் ஈரம் இருக்கிறது, காயவைக்க வேண்டும். மெக்கர் போடும்போது ஏ.வி.ஆர். ஒயர்களைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அட்டை போய்விடும். வேகம் சரியாக இருந்தும் வோல்டேஜே வரவில்லை என்றால் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் இரும்பில் தங்கியிருக்கும் மிச்ச காந்தம் போயிருக்கும். இன்ஜினை நிறுத்தி, ஏ.வி.ஆரிலிருந்து ஃபீல்டு ஒயர் இரண்டையும் கழற்றி, 12 வோல்ட் பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாறாமல் இரண்டு மூன்று நொடி தொட்டு எடுத்து, மறுபடி மாட்டி ஓட்டினால் வோல்டேஜ் ஏறும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் லோடோடு ஓட்டிவைப்பவர்களுக்கு இந்த வேலையே வராது.

வாங்கும் நாளில் கடையில் பல்பு எரித்துக் காட்டுவதை ஏற்காதீர்கள். உங்கள் மோட்டாரிலோ, அதே ஹெச்.பி. உள்ள வேறொன்றிலோ மூன்று முறை ஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஹெர்ட்ஸ் 49க்குக் கீழே போகாமல், ஸ்டார்ட்டர் அடிக்காமல், கியர்பாக்ஸைக் கையால் தொட முடிகிற சூட்டில் இருந்தால் பணம் கொடுங்கள்.